அலவி நானாவும் பதினொரு வெள்ளிக்காசும்

பசறை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பலகைக் கடையில் உட்கார்ந்து அலவி வாட்ச் திருத்துகிறார். ஒற்றைக் கண்ணில் எப்போதும் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி. அவ்வளவு கிட்டப் பார்க்கிற மனுஷனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. பழைய காசு பார்த்துச் சொல்லும் வேலை அப்படித்தான் அவர் தலையில் விழுந்தது.

முதல் காசு வந்த அன்று அவருக்கு அதைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. “போலி” என்று சொல்லி அனுப்பிவிட்டார். நல்லது என்றால் விலை கேட்பார்கள். விலை சொன்னால் வம்பு வரும். போலி என்றால் வந்தவர் பேசாமல் பஸ் ஏறிவிடுவார். இப்படியே இருபது வருஷம் ஓடியது. வீணாக ஆசை காட்டாத நேர்மையான ஆள் என்று சுற்றியுள்ள தேயிலைத் தோட்டமெல்லாம் அவருக்குப் பெயர்.

பெயர் பெரிதாகப் பெரிதாக அலவிக்குக் கூச்சம் எடுத்தது. வேலை இல்லாத நேரங்களில் போனைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தார். விக்டோரியா ரூபாய் பதினொன்றரை கிராமுக்குச் சற்று மேலே நிறுக்க வேண்டும், ஓரம் முழுக்க வரி ஒழுங்காக ஓட வேண்டும் என்றெல்லாம் தெரிந்துகொண்டார். கொழும்பில் காசு சேர்க்கும் ஹபீஸ் என்பவருடைய பழக்கமும் கிடைத்தது.

அந்த நேரத்தில்தான் நமுனுகுலயிலிருந்து இராக்கம்மா வந்தாள். கூடவே மருமகன் ரமேஸ். புது வீடு கட்டத் தோட்டத்துப் பழைய லய வீட்டுச் சுவரை இடித்தபோது அடுப்படிப் பக்கத்தில் ஒரு தகர டப்பா இருந்ததாம். அதற்குள் பதினொரு காசு.

“போலின்னா போலின்னு சொல்லிடுங்க நானா. பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றாள்.

அலவி ஒவ்வொன்றாக நிறுத்தார், சுண்டிப் பார்த்தார், ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பத்து நல்ல காசும்மா. இது ஒண்டுதான் போலி. ஆயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு எண்டு போட்டிருக்கு, ஆனா சக்கரவர்த்தினி எண்டு எழுதியிருக்கு. அந்த வருஷம் விக்டோரியா வெறும் ராணிதான். சக்கரவர்த்தினிப் பட்டம் வர இன்னும் பதினஞ்சு வருஷம் கிடக்கு.”

இராக்கம்மா மருமகனைப் பார்த்தாள். ரமேஸ் அலவியைப் பார்த்தான். இரண்டு பார்வையும் நன்றாக இல்லை.

“போட்டோ எடுத்து கொழும்புல ஒருத்தருக்கு அனுப்புறேன். அவசரப்பட்டு வித்துராதீங்க” என்றார் அலவி.

படம் எடுக்க விட்டார்கள். ஆனால் வெளியே வந்ததும் ரமேஸ் சொன்னது பலகை இடுக்கு வழியாக அவர் காதில் விழுந்தது. “இருவது வருஷமா யாருக்கும் நல்லதுன்னு சொல்லாத ஆளு, நமக்கு மட்டும் சொல்றாருன்னா? கொழும்புக்காரனோட சேந்துகிட்டாரு அத்தே.”

நேராகப் பதுளைக்குப் போய் ஒரு வெள்ளிக் கடையில் நிறைக்குக் கொடுத்துவிட்டார்கள். கடைக்காரர் பத்துக் காசை எடுத்து உருக்கப் போட்டார். பதினோராவதை இது வெள்ளியே இல்லை என்று தள்ளிவிட்டார். திரும்பும் வழியில் இராக்கம்மா அதை அலவியின் மேசையில் வைத்தாள். “இதுல மட்டும் ஒங்க பேச்சு சரிதான் நானா. வச்சுக்கங்க.”

நாலாம் நாள் ஹபீஸிடமிருந்து போன் வந்தது. “அந்தப் போலி வேணும். அந்தக் காலத்துக் கள்ளக்காசு, லேசில கிடைக்காது. நாப்பதாயிரம் தாறேன். மத்ததுல ஒண்டு அருமையா கிடைக்கிற வருஷம், அதுக்கு ஒரு லட்சம். கையில இருக்கா?”

அலவி மேசையில் கிடந்த காசை எடுத்துப் பார்த்தார். பிறகு போலி மட்டும்தான் மிச்சம் என்றார்.

பணம் வந்த மறுநாளே நமுனுகுல பஸ் ஏறினார். அவள் கொடுத்துவிட்ட காசு தன்னுடையதுதானே என்று வழி நெடுக ஒரு மனம் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குப் பதில் சொல்வதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டது.

இராக்கம்மா நோட்டுகளை இரண்டு தரம் எண்ணினாள். வெள்ளிக் கடையில் பத்துக்கும் சேர்த்துக் கிடைத்ததை விட இது அதிகம். சட்டென்று நிமிர்ந்தாள். “போலிக்கே இவ்வளவுன்னா, நல்லது எவ்வளவுக்குப் போயிருக்கும் நானா?”

ரமேஸ் வாசலில் தலை குனிந்து நின்றான்.

“வெள்ளி வெலதாம்மா. கடக்காரர் குடுத்தது சரியான காசு” என்றார் அலவி. அத்தனை வருஷத்தில் விஷயம் தெரிந்து அவர் சொன்ன முதல் பொய் அது.

“கேட்டுக்க! இவரையா சந்தேகப்பட்டே?” என்று அவள் மருமகனை ஒரு பிடி பிடித்தாள். அவள் நீட்டிய பங்கை அலவி வேண்டாம் என்றதும், கொல்லையில் காய்த்த போஞ்சியை ஒரு பை நிறையப் பறித்துக் கையில் திணித்துவிட்டாள்.

வீட்டில் மனைவி நளீரா பையைக் கொட்டினாள். ஒன்றை ஒடித்துப் பார்த்தாள், நார் நீளமாக உரிந்து வந்தது.

“முத்தல்” என்றாள். “பாத்து வாங்கத் தெரியாதா உங்களுக்கு?”