நிலா துரத்திய பஸ்

மகள் சின்னவளாக இருந்தபோது தமிழும் இந்தியும் கலந்து பேசியதையெல்லாம், எங்கள் டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் என் கணவர் கம்ப்யூட்டரில் தட்டி வைப்பார். அதற்கென்றே கடையில் விலைக்கு ஒரு தமிழ் எழுத்துரு வாங்கியிருந்தார். அவர் காலமாகி நான்கு வருடமாகிறது.

போன மாதம் பழைய கம்ப்யூட்டரைக் கழித்துவிடலாம் என்று, அதில் என்ன இருக்கிறதென்று பார்க்க மகள் அந்தக் கோப்பைத் திறந்தாள். திரை முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்.

“கரப்ட் ஆயிடுத்தும்மா. டெலீட் பண்ணிடட்டுமா?”

“சரி” என்றேன். அவளும் அழித்துவிட்டாள்.

சாயங்காலம் வந்த கணவரின் ஆபீஸ் நண்பர் பதறிவிட்டார். “நடுவுல ரிப்பேர் பண்ணினப்போ அந்த ஃபாண்ட் போயிருக்கும், அதான் அப்படித் தெரியறது. கம்ப்யூட்டர் குப்பைத்தொட்டியிலேர்ந்து உடனே எடும்மா!”

எழுத்துரு விற்ற கம்பெனி எப்போதோ மூடப்பட்டிருந்தது. யாரோ தன்னார்வலர்கள் இலவசமாகக் கொடுத்திருந்த, பழைய எழுத்துருவை இன்றைய எழுத்தாக்கும் மாற்றி நிரல் ஒன்றுதான் கைகொடுத்தது. ஒரு நிமிடத்தில் தமிழ் வந்தது: “அப்பா, ஜல்தி! நிலா நம்ம பஸ்ஸைத் துரத்தறது!”

மகள் திரையையே பார்த்தாள். “என்ன எழுதியிருக்கார்? படிச்சுக் காட்டும்மா.” டெல்லியில் வளர்ந்தவள், தமிழ் பேசுவாள், படிக்க வராது.

இப்போது எல்லாவற்றையும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும் யூனிகோடில்தான் வைக்கிறேன். கூடவே, ஞாயிறுதோறும் ஒரு பக்கத்தை வாசித்து என் குரலிலும் பதிகிறேன். அவளுக்கு அதுதான் திறக்கிறது.