நகக்கண் அளவு குறைந்த முதல் இதழ்

கூடத்திலிருந்து தாள் புரளும் சத்தம் கேட்டது.

பட்டறை அறையில் யாரோ ஒரு பாட்டியம்மாளின் பல்செட்டுக்கு மெழுகு வார்த்துக்கொண்டிருந்த எலிசேயோவின் கை அப்படியே நின்றது. புதுத் தாள் சடசடக்கும். இது காய்ந்த சோள மட்டையை மெல்லப் பிரிப்பது போன்ற சத்தம். ஐம்பது வருடத்துக்கு முந்தைய மட்டரகத் தாள் மட்டும்தான் அப்படிப் பேசும். அதை யாரோ எச்சில் தொட்ட விரலால் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து போய்ப் பார்த்தார். மேசையருகே ஃபிதென்சியோ உட்கார்ந்திருந்தான். அடுத்த தெருவில் டயர் பஞ்சர் ஒட்டுகிறவன். ஒரு கையில் பாதி கடித்த சர்க்கரை ரொட்டி, மறு கையில் ஒரு காமிக்ஸ். பழுப்பு மசியில் அச்சான அட்டையில், கொட்டும் மழையில் முகம் தெரியாத ஒருவன் கருங்குதிரை மேல் உட்கார்ந்திருந்தான். 'மழைக் குதிரைவீரன்.' முதல் இதழ்.

அந்தக் குதிரைக்காக எலிசேயோ முப்பது வருட ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்திருந்தார். லகுனில்யா சந்தையில் விடியும் முன்பே போய் நின்றார். புவெப்லா வரை பஸ் பிடித்துப் போய், செத்துப்போனவர்கள் வீட்டுப் பரண்களைக் குடைந்தார். மற்ற எல்லா எண்களும் பிளாஸ்டிக் உறைக்குள் அலமாரியில் வரிசையாக நின்றன. வரிசையின் தலையில் மட்டும் ஒரு காலி உறை. கல்யாணமாகாத மூத்த பெண்ணைப்போல அது அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

கிடைக்காததற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் மெக்ஸிகோ நகரத்தில் பாதிப் பேர் காமிக்ஸை விலைக்கு வாங்கவில்லை. தெருமுனைக் கடையில் ஒரு காசு கொடுத்து, பெஞ்சில் உட்கார்ந்து படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். ஓரம் நைந்துபோனால் கடைக்காரன் கத்தி வைத்து ஒட்ட வெட்டி, புதுசுபோல் மறுபடி கயிற்றில் தொங்கவிடுவான். கத்தி பட்ட பிரதியைச் சேகரிப்பவன் எவனும் கையால் தொடமாட்டான். கத்தி படாத முதல் இதழுக்கோ, கேட்ட விலை கிடைக்கும்.

அது எங்கே கிடைத்தது என்று கேட்டார். மகள் நெரெய்தாவுக்காக வாங்கிய பழைய அலமாரியில், இழுப்பறையின் அடியில் விரித்துக் கிடந்ததாம். கரப்பான் வராமலிருக்க எவனோ போட்டிருப்பான் என்று ஃபிதென்சியோ சிரித்தான்.

எலிசேயோவுக்கு நெஞ்சு எரிந்தது. இந்த மனிதன் என்றைக்கும் நோகாமல் நோன்பு கும்பிட்டவன். மாதாகோவில் குலுக்கலில் குளிர்சாதனப் பெட்டி அவனுக்குத்தான் விழுந்தது. அறுபது வயதிலும் தலை நிறைய முடி அவனுக்குத்தான். இளவயதில் நடன மண்டபத்தில் எலிசேயோ மூன்று வாரம் ஒத்திகை பார்த்துப் பேசப் போன பெண், பாதி வழியில் ஃபிதென்சியோவின் காலை மிதித்தாள். மன்னிப்புக் கேட்டாள். அவனையே கட்டிக்கொண்டாள். அவர்களுக்குப் பிறந்த நெரெய்தாவுக்கு ஞானத்தகப்பனாக நின்று, ஞானஸ்நானத் தொட்டியருகே அந்தக் குழந்தையைக் கையில் ஏந்தியவர் எலிசேயோ. அன்றிலிருந்து இருவரும் 'நீ'யை விட்டுவிட்டு, ஞான உறவுமுறைப்படி 'கொம்பாத்ரே' என்றும் 'நீங்க' என்றும் ஆகிவிட்டார்கள். மரியாதை கூடியது. எரிச்சல் குறையவில்லை.

"கொம்பாத்ரே, நீங்கதான் பார்த்துச் சொல்லணும்," என்றான் ஃபிதென்சியோ. "இது ஏதாவது பெறுமா? உங்க ஞானமக முடிதிருத்தும் கடை போடணும்ங்கிறா. நாற்காலி, கண்ணாடி, தலை கழுவுற தொட்டின்னு கனவு கண்டுக்கிட்டிருக்கா. சந்தையில கொண்டுபோய்ப் போடலாமான்னு பார்க்கறேன்."

எலிசேயோ கையைக் கழுவி, துடைத்துவிட்டு இதழை வாங்கினார். அட்டையில் விழுந்திருந்த சர்க்கரையை ஊதித் தள்ளினார். மூலைகள் கூர்மையாக இருந்தன. தைத்த கம்பியில் துரு இல்லை. கத்தியின் நிழல்கூடப் படாத பிரதி. நாற்காலி, கண்ணாடி, தொட்டி எல்லாம் வாங்கி, கடை வாடகைக்கும் மிச்சம் நிற்கும்.

நேராக அலமாரிக்குப் போனார். அறுபதாம் எண்ணை உருவிவந்து மேசையில் வைத்து, அதன்மேல் முதல் இதழைப் பொருத்தினார். இருபதாவது இதழுக்குப் பிறகு பதிப்பாளர் புது இயந்திரம் வாங்கி, பக்கத்தைச் சற்றுப் பெரிதாக்கியிருந்தார். சேகரிப்பவர் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம். டயர் ஒட்டுகிறவனுக்கு எப்படித் தெரியும்?

"பாருங்க," என்றார். "ஒரு நகக்கண் அளவு குறையுது. வாடகைக் கடைக்காரன் கத்தி போட்டிருக்கான். இதை எவனும் வாங்கமாட்டான்."

காபிப் பாத்திரத்தோடு வந்த அவர் மனைவி எர்மிலா நின்றுவிட்டாள். முப்பது வருடமாக அந்த அலமாரியைத் தூசி தட்டுகிறவள் அவள். வரிசையின் ஆரம்பத்தில் குட்டை, அப்புறம் நெட்டை என்பது அவள் துணிக்கே தெரியும்.

"கிழவா," என்றாள் மெதுவாக. "ரெண்டாம் நம்பரை எடுத்து வெச்சுப் பாரேன்."

அதெல்லாம் அவளுக்குப் புரியாது, காபியை ஊற்றினால் போதும் என்றார் எலிசேயோ. அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"விடுங்க கொமாத்ரே," என்று ஃபிதென்சியோ அவளைச் சமாதானம் பண்ணினான். "உங்களைவிட அதுங்ககூடத்தான் அவர் அதிகமாக் குடித்தனம் பண்ணியிருக்கார். அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

எலிசேயோ காத்திருந்தார். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அந்த முகம் வாடுவதைப் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் நாக்கு அப்படிப் புரண்டதோ என்னவோ. ஆனால் அந்த முகம் வாடவில்லை. முதுகிலிருந்து மூட்டையை இறக்கிவைத்தவன்போல ஃபிதென்சியோ நாற்காலியில் சாய்ந்தான்.

"அப்பாடா. இது பெறும்னு நீங்க சொல்லியிருந்தா எனக்குத்தான் சங்கடம். உங்ககிட்ட ஒண்ணாம் நம்பர் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? பொண்ணுக்கா உங்களுக்கான்னு ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடந்தேன். இப்ப வம்பே இல்லை. வெட்டினதோ வெட்டாததோ, அந்தக் காலி உறையில வெச்சுக்குங்க."

அப்போ நெரெய்தா என்று மட்டும் கேட்டார் எலிசேயோ.

"என் கடையிலயே ஒரு மூலையில ஸ்டூல் போட்டுக்கட்டும். ஒரு பக்கம் டயரு, ஒரு பக்கம் தலை," என்று சிரித்தபடி ரொட்டியின் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தான் ஃபிதென்சியோ.

இதழ் எலிசேயோவின் கையில் இருந்தது. முப்பது வருடத் தவம். இனி இதை எவனிடமும் காட்ட முடியாது. காட்டினால், கத்தி படாதது என்று பார்த்தவுடன் சொல்வான். அந்தச் சொல் சந்தையிலிருந்து டயர் கடைக்கு வர எத்தனை நாளாகும்? இப்போதுகூட அவர் மனம் எதிரே நின்றவனைப் பார்த்துத்தான் பொருமியது. குளிர்சாதனப் பெட்டி, தலைமுடி, அந்தப் பெண், எல்லாம் போகட்டும். கைக்கு வந்ததை ஒரு ரொட்டித் துண்டுபோல நீட்டிவிட்டு, கையை உதறிக்கொண்டு கிளம்புகிறானே, அது ஏன் தனக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை?

எர்மிலா வாசல் கதவைத் திறந்துவிட்டாள். கைப்பிடியை விடாமல் கணவனையே பார்த்தாள்.

"கொம்பாத்ரே," என்றார் எலிசேயோ.

தெருவில் இறங்கப்போன ஃபிதென்சியோ திரும்பினான். "சொல்லுங்க."

எலிசேயோவின் கண் அலமாரிக்குப் போனது. ரெண்டாம் நம்பர் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றது.

"படி ஈரமா இருக்கு," என்றார். "பார்த்துப் போங்க."

ஃபிதென்சியோ கையை உயர்த்திக் காட்டிவிட்டு, சீட்டியடித்துக்கொண்டே போனான். சீட்டிச் சத்தம் தெருமுனையில் தேயும்வரை எர்மிலா நின்றாள். அதற்கப்புறம்தான் கதவைச் சாத்தினாள்.