தலைவர் ஏரியை ஆய்வு செய்தார்

என் அக்காள் கணவருக்கு முதுகெலும்பு உண்டா என்று யாராவது கேட்டால், உண்டு, குனிவதற்கு அது வேண்டுமே என்று சொல்வேன்.

இருபது வருடமாக எங்கள் வட்டாரத்து வாரப் பத்திரிகைக்கு அவர்தான் நிருபர், ஆசிரியர், புகைப்படக்காரர், பிழை திருத்துபவர் எல்லாம். நான்கே பக்கம். முதல் பக்கத்தில் வட்டார மன்றத் தலைவர். இரண்டாம் பக்கத்தில் அதே தலைவர், கொஞ்சம் சின்னதாக. மூன்றில் பிறப்பு, இறப்பு, காணாமல் போன நாய். நான்கில் மழை நிலவரம். சுற்றிலும் மலை, நடுவில் ஏரி, ஏரிக்கரையில் ஏழெட்டு ஊர். இங்கே இதற்கு மேல் செய்தி கிடையாது என்று அத்தான் முடிவு கட்டியிருந்தார்.

செய்தி இல்லாமல் என்ன? மலைச்சாலை சரிந்து பதினோரு நாள் போக்குவரத்து நின்றது. 'சாலையோரம் புதிய இயற்கைக் காட்சி' என்று எழுதினார். குடிநீர்க் குழாயில் மீன்குஞ்சு வந்து விழுந்தது. 'ஏரியில் மீன்வளம் பெருகுகிறது' என்று எழுதினார். எந்தச் செய்தியாக இருந்தாலும் கடைசி வரி 'சிறப்பாக நடைபெற்றது' என்றுதான் முடியும். பழக்கதோஷத்தில் ஒரு சாவுச் செய்தியையும் அப்படியே முடித்துவிட்டார். அன்றிலிருந்து ஊரில் அவருக்குப் பெயர் 'சிறப்பு'. அதையும் அவர் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

அக்கா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளிடம் ஒரு பொய்கூடப் பொறுக்கமாட்டாள். அத்தான் பொய் சொல்லுகிறவர் அல்ல, அதுதான் அவளுக்குச் சங்கடம். வழியில் உண்மை கிடந்தால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போகிறவரை என்ன சொல்லித் திட்டுவது?

எனக்குக் கரையில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை. போன வருடம் கோடை தொடங்கும்போது, பட்டறைக்குப் பக்கத்துக் காலியிடத்தில் மன்றத்தின் மிதவை மேடை உருவாகத் தொடங்கியது. சுற்றுலா வருகிறவர்கள் தண்ணீர் மேல் நின்று மலையைப் பார்ப்பதற்காம். கரையில் நின்று பார்த்தால் மலை தெரியாது போலிருக்கிறது. வேலையை எடுத்தவர் தலைவரின் மைத்துனர். பிளாஸ்டிக் பீப்பாய்களை வரிசையாகக் கட்டி, மேலே பலகை அடித்தார்கள். பீப்பாய்கள் எல்லாம் எங்கேயோ உழைத்து ஓய்ந்தவை. வெடிப்பு விட்ட இடங்களில் தாரைப் பூசி, தாரின் மேல் நீலப் பெயிண்டைப் பூசினார்கள். நான் ஒன்றை விரலால் அழுத்தினேன். வெந்த கத்தரிக்காய் மாதிரி உள்ளே போனது.

அன்று மாலையே அத்தானிடம் சொன்னேன்.

"அத்தான், அந்தப் பீப்பாய் ஒண்ணும் தேறாது. ஆள் ஏறினா தண்ணி உள்ள போகும். ஒரு வரி எழுதுங்க."

"எழுதலாம் மச்சான். ஆனா எழுதுற விதம்னு ஒண்ணு இருக்கு."

"என்ன விதம்?"

"திறப்பு விழா முடியட்டும்."

அக்கா சட்னிக் கிண்ணத்தை மேசையில் வைத்த வேகத்தில் பாதி வெளியே சிந்தியது. "முடிஞ்சப்புறம் எழுதுறதுக்கு என்னங்க இருக்கு? யார் யார் செத்தாங்கன்னா?"

"நீ எல்லாத்தையும் பெருசு பண்ணுவ," என்றார் அத்தான். அடுத்த வாரம் முதல் பக்கத்தில் வந்தது: 'ஏரிக்கு மணிமகுடம்'.

திறப்பு விழாவுக்குத் தலைவரோடு மன்றத்தின் ஒன்பது உறுப்பினர்களும் வந்தார்கள். சாக்கடை பற்றிப் பேசக் கூட்டம் போட்டால் நான்கு பேருக்கு மேல் தேறாது. ரிப்பன் என்றால் காய்ச்சலில் கிடக்கிறவரும் எழுந்து வருவார். கூடவே அவர்கள் வீட்டம்மாக்கள், மைத்துனர், மைத்துனருடைய இரண்டு நண்பர்கள். நான் பட்டறை வாசலில் கையைத் துடைத்தபடி நின்று பார்த்தேன். மேடை ஏற்கெனவே ஒரு சாண் தாழ்ந்துதான் மிதந்தது.

கரைக்கும் மேடைக்கும் நடுவே போட்டிருந்த பலகைப் பாதையில், தேநீர்த் தட்டோடு மன்ற அலுவலக உதவியாளர் நின்றாள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒல்லியான பெண்மணி. எல்லாரும் 'டீயம்மா' என்பார்கள். தலைவர் பேச்சை முடிக்காமல் தேநீர் வரக்கூடாது என்று உத்தரவு. அதனால் அவள் அங்கேயே நின்றாள்.

அத்தான் மேடையின் ஒரு மூலையில், கண்ணில் கேமராவோடு இருந்தார். தலைவர் படத்தில் விழுந்துவிட்டார், மலை விழவில்லை.

"ஐயா, எல்லாரும் கொஞ்சம் இடது பக்கம் வாங்க."

வந்தார்கள்.

"இன்னும் கொஞ்சம். அம்மா, நீங்களும். தலைவர் ஐயா ஓரத்துக்கு வந்தா சிகரம் சரியா தலைக்கு மேல வரும்."

சிகரம் தலைக்கு மேல் வர வேண்டும் என்றால் தலைவர் எங்கே வேண்டுமானாலும் வருவார். இருபத்துமூன்று பேரும் ஒரே ஓரத்தில் நெருக்கியடித்துச் சிரித்தார்கள். அடியில் பீப்பாய் ஒன்று ஏப்பம் விட்டது போல் சத்தம் கேட்டது. அப்புறம் மேடை முறத்தைக் கவிழ்ப்பதுபோல் மெல்லச் சாய்ந்து, அத்தனை பேரையும் தண்ணீரில் கொட்டியது.

இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனால் தலைவர் போட்ட கூச்சலில் எதிர்க்கரையில் மேய்ந்த மாடுகள் தலை தூக்கிப் பார்த்தன. நானும் படகோட்டிகள் இரண்டு பேரும் குதித்து ஒவ்வொருவராக இழுத்துப் போட்டோம். அத்தான் மட்டும் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி தானே கரையேறினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, டீயம்மாவைத் தவிர. மேடை சாய்ந்தபோது பலகைப் பாதை பிய்த்துக்கொண்டு எழும்பி அவளைக் கரைக் கல்லின் மேல் அடித்திருந்தது. வலது மணிக்கட்டு இரண்டாக முறிந்துவிட்டது. கொதிக்கும் தேநீர் முழுக்க அவள் மடியில்.

அந்த வார முதல் பக்கச் செய்தியை நான் இன்னும் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். 'தலைவர் ஏரியை ஆய்வு செய்தார். நேரடியாக நீரில் இறங்கி ஆழத்தையும் தூய்மையையும் கண்டறிந்தார்.'

ஊர் ஒரு வாரம் வயிறு வலிக்கச் சிரித்தது. சிரிப்பு மன்றத்தின் காதில் விழுந்ததும் விசாரணைக் குழு போட்டார்கள். குழுவில் மூன்று பேர், மூவரும் தண்ணீரில் விழுந்தவர்கள். பீப்பாயைப் பற்றிக் குழு பேசவே இல்லை. அலுவலக உதவியாளர் தேநீர்த் தட்டோடு மேடையின் ஓரத்துக்கு அவசரமாக ஓடி வந்ததால் சமநிலை குலைந்தது என்று கண்டுபிடித்தார்கள். தலைவர் ஒருவரே நூற்றுப்பத்துக் கிலோ. டீயம்மாவையும் தட்டையும் சேர்த்து நிறுத்தாலும் அதில் பாதி தேறாது. அவளைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். கட்டுப் போட்ட கையால் அவளால் கையெழுத்துப் போட முடியவில்லை. இடது பெருவிரலைப் பிடித்து உருட்டினார்கள்.

அத்தான் அதையும் முதல் பக்கத்தில் போட்டார். தலைப்பு: 'விபத்துக்குக் காரணம் உதவியாளரின் கவனக்குறைவு'.

பத்து நாள் கழித்து, பள்ளி விளையாட்டுப் போட்டிப் படங்களைத் தேடி அக்கா வீட்டுக் கணினியைத் திறந்தாள். அதில் திறப்பு விழாப் படங்களும் இருந்தன. சாய்வதற்கு ஒரு நொடி முன்பு எடுத்த படத்தில் இருபத்துமூன்று பேரும் இடது ஓரத்தில் சிரிக்கிறார்கள். வலப் பக்கம், மேடைக்கு வெளியே, பலகைப் பாதையில் டீயம்மா தட்டோடு அசையாமல் நிற்கிறாள். அவ்வளவு தெளிவான படத்தை அத்தான் வாழ்நாளில் எடுத்ததில்லை.

அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினாள். நான் போனபோது அத்தான் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"இது உங்ககிட்ட இருந்துச்சு. இருந்தும் அப்படி எழுதினீங்க," என்றாள் அக்கா.

"குழு சொன்னதைத்தானே எழுதினேன். நானா எதையும் சொல்லலையே."

"அதைத்தாங்க நானும் சொல்றேன். நீங்களா எதையும் சொன்னதே இல்ல."

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மன்றக் கூட்டம். கடைசிக் கால்மணி நேரம் பொதுமக்கள் கேள்வி கேட்கலாம். வழக்கமாகத் தெருநாயைப் பற்றி ஒருவர் கேட்பார், தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பார், கூட்டம் முடியும். அன்று அக்கா எழுந்து, கதவளவு பெரிதாக்கிய படத்தை மேசையில் விரித்தாள். வகுப்பில் வரைபடம் காட்டும் குச்சியையும் கையோடு கொண்டு வந்திருந்தாள்.

"இது தலைவர். இது மைத்துனர். மேடைக்கு வெளியே நிக்கிறது யாருன்னு குழுவில இருந்த மூணு பேரும் சொல்லுங்க. ஒவ்வொருத்தரா சொன்னாப் போதும்."

மூவரும் பாடம் படிக்காமல் வந்த பிள்ளைகள் மாதிரி மேசையைப் பார்த்தார்கள். தலைவர் அத்தானைப் பார்த்தார். அத்தான் நிருபர் நாற்காலியில் குறிப்பேட்டோடும் கேமராவோடும் இருந்தார்.

"இந்தப் படம் நீங்க எடுத்ததா?"

கூடம் முழுக்கத் திரும்பியது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தலைவர் பிழைத்துக்கொள்வார். அத்தான் குறிப்பேட்டை மூடினார். அக்காவைப் பார்த்தார். பின் கேமராவைப் பார்த்தார்.

"கேமராதாங்க எடுத்துச்சு," என்றார்.

கூடம் வெடித்துச் சிரித்தது. ஆனால் அதுவே போதுமானதாக இருந்தது. மூன்றாம் நாள் டீயம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. மைத்துனர் மேடையைப் பிரித்து ஏற்றிக்கொண்டு போனார். தலைவர் பதவியில்தான் இருக்கிறார். அப்படிப்பட்டவர்கள் மிதப்பதற்குப் பீப்பாய் தேவையில்லை.

அதற்கடுத்த ஞாயிறு காலை டீயம்மா அக்கா வீட்டுக்கு வந்தாள். அவள் கேட்டைத் திறப்பதைப் பார்த்ததுமே அத்தான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

"சார் குளிக்கிறார்," என்றேன் நான், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"குளிக்கட்டும் தம்பி. எனக்கு அவசரமில்ல." கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தமே இல்லை.

முக்கால் மணி நேரம் போனது. அக்கா கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு, மூடிய கதவைப் பார்த்து டீயம்மா பேசினாள்.

"சார், என் தப்புன்னு முதல் பக்கத்துல போட்டீங்க. இல்லன்னும் முதல் பக்கத்துலயே போடுங்க."

உள்ளிருந்து குரல் வந்தது. "இடம் இருக்கான்னு பாக்கணும்மா. மூணாம் பக்கத்துல..."

"மூணாம் பக்கத்துல செத்தவங்களத்தான் போடுவீங்க. நான் இருக்கேன் சார்."

தாழ்ப்பாள் திறந்து அத்தான் வெளியே வந்தார். குளித்ததாகக் காட்டிக்கொள்ளத் தலையில் மட்டும் தண்ணீர் தெளித்திருந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். ஆறு வரி எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. நான்கு தாளைக் கசக்கிப் போட்டார். டீயம்மா பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். 'தவறு நேர்ந்துவிட்டதாகத் தெரிகிறது' என்று படித்ததும் நிறுத்தினாள்.

"யாருக்கு சார் தெரியுது? நீங்கதானே தப்பா போட்டீங்க?"

அத்தான் அந்த வரியை அடித்துவிட்டு, 'நான் தவறாக எழுதினேன்' என்று எழுதினார். அந்த 'நான்' என்ற சொல்லை எழுதுவதற்கு முன் பேனாவை இரண்டு தரம் மூடித் திறந்தார். இருபது வருடத்தில் அந்தப் பத்திரிகையில் அந்தச் சொல் வந்ததே இல்லை.

டீயம்மா அந்தத் தாளை இடது கையால் வாங்கி, ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். வியாழக்கிழமை அது முதல் பக்கத்தில் வந்தது.