பின் கதவுக்கு உள்ளே கைப்பிடி இல்லை

போன வருடம் சித்திரை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. எருமப்பட்டிக்குப் பக்கத்தில், இரண்டு பக்கமும் வேலி போட்ட இட்டேரிப் பாதை ஒன்றில் இருக்கிறது எங்கள் வீடு. பாதை எங்கள் வாசலைத் தாண்டி இன்னும் ஒரே ஒரு தோட்டத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிடும். அந்த வாசலில், பட்டப்பகலில், என் சொந்தக் காருக்குள் நானே மாட்டிக்கொண்டு வெந்துபோகப் பார்த்தேன். இதை நிறைய பேரிடம் சிரிப்பாகச் சொல்லியிருக்கிறேன். முழுசாகச் சொல்வது இப்போதுதான்.

என்னிடம் இரண்டு கார்கள். இரண்டுமே பின்பக்கம் நீண்ட ஸ்டேஷன் வேகன் வகை. ஊரில் 'நீட்டு வண்டி' என்பார்கள். பழையது டீசல், மகள் பிறந்த வருடம் சேலத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. புதியது, மகள் வேலைக்குப் போய் எனக்கு வாங்கிக் கொடுத்தது. புதியதற்கு வாய் அதிகம். பெல்ட் போடவில்லை என்றால் கத்தும், கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் கத்தும், டயரில் காற்று குறைந்தால் எழுதியே காட்டும். பழையது எதையும் சொல்லாது. மனசுக்குள்ளேயே வைத்திருந்து ஒருநாள் நடுரோட்டில் நின்றுவிடும். புதியதைச் சர்வீஸுக்கு விட்டால் ஏ.சி. அறையில் உட்கார வைத்துக் காபி தருவார்கள். பழையதை விட்டால் மெக்கானிக் நம்மையே அடியில் படுத்து டார்ச் பிடிக்கச் சொல்லுவார்.

இரண்டு வண்டியிலும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் உட்காரலாம். வீட்டில் இருப்பது நான் ஒருவன்.

என் மனைவி மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூரு போனாள். மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் போனாள். அதற்குள் அந்தப் பேரன் எல்.கே.ஜி.க்கே வந்துவிட்டான். நடுவில் பொங்கலுக்கு வருவாள், கோயில் பண்டிகைக்கு வருவாள், நான்கு நாள் இருந்து வீட்டைக் கழுவிவிட்டுப் போவாள். நீங்களும் வந்துவிடுங்கள் என்று மகள் கூப்பிட்டபோதெல்லாம், "ரெண்டு வண்டிய யாரு பாத்துக்கறது?" என்று கேட்டுச் சமாளித்தேன். ஏதோ இரண்டு கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வர முடியாதவன் மாதிரி.

அன்றைக்குப் பழைய வண்டியை எஃப்.சி.க்குக் கொண்டு போக வேண்டும். வயதான வண்டி இன்னும் ஓடத் தகுதியானதா என்று பார்க்கிற பரிசோதனை. எனக்கு அப்படி ஒன்று வைத்தால் கண்டிப்பாகப் பெயிலாவேன். வண்டியைக் கழுவி, வெயிலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எட்டரை மணிக்குப் பூசை போட்டேன். சந்தனம், குங்குமம், சூடம், ஒரு தேங்காய். நான்கு டயருக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழம். எங்கள் பக்கத்தில் லாரியானாலும், ரிக் வண்டியானாலும், மொபெட்டானாலும் இதுதான் வழக்கம். பழம் வைத்துவிட்டால் வண்டி நிற்கக் கூடாது, நசுக்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்.

நான் கிளம்பப் போகிற நேரத்தில் பார்த்து, வலது பக்கப் பின் விளக்கு எரியவில்லை.

அந்த விளக்கின் ஒயரைப் பிடிக்க, சாமான் வைக்கிற பின் இடத்துக்குள் தவழ்ந்து போக வேண்டும். பின் கதவு மேல்நோக்கித் திறப்பது. அதைத் தாங்குகிற கம்பிகள் இரண்டும் செத்து இரண்டு வருடம். அடுத்த சர்வீஸில் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு சவுக்குக் குச்சியை முட்டுக் கொடுத்தே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே தவழ்ந்து, ஒயரைத் தொட்டு, திருப்புளியை பம்பர் மேலேயே விட்டுவிட்டோமே என்று திரும்பினேன். முழங்கால் குச்சியில் பட்டது. கதவு 'டம்' என்று விழுந்து பூட்டிக்கொண்டது.

அந்தக் கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். உள்ளே கைப்பிடி இல்லை.

அதனால் என்ன, சீட்டைத் தாண்டி முன்பக்கமாக இறங்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் என் புத்திசாலித்தனம் குறுக்கே நின்றது. பல வருடங்களுக்கு முன் முட்டை ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு சடன் பிரேக்கில் ஆறு அட்டை முட்டையும் பறந்து வந்து என் மனைவியின் தலையில் உடைந்தது. நாமக்கல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவள் என்னோடு பேசவில்லை. அடுத்த நாளே லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் போய், சீட்டுக்கும் பின் இடத்துக்கும் நடுவில் ஒரு கம்பித் தடுப்பு வைக்கச் சொன்னேன். பட்டறைக்காரருக்கு லாரி அளவுதான் தெரியும். பத்து டன் கல் சரிந்தாலும் அசையாத மாதிரி வெல்டிங் வைத்துக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு அவரைப் பாராட்டி டீ வாங்கிக் கொடுத்தவனும் நான்தான்.

போன், முன்னால் டாஷ்போர்டு மேல். கம்பிக்குள் கையை விட்டால் பின் சீட்டின் தலைப்பகுதி வரைக்கும்தான் எட்டியது. என் வேட்டி மடிப்பில் இருந்தது புதிய வண்டியின் சாவி. அமுக்கினேன். எதிரே நின்ற புது வண்டி 'கீக் கீக்' என்று கண்ணடித்துத் தன் எல்லாக் கதவுகளையும் எனக்காகத் திறந்து கொடுத்தது. இன்னொரு முறை அமுக்கினேன். பூட்டிக்கொண்டது. வேறு வேலை இல்லாததால் இப்படியே பத்து முறை விளையாடினேன். பயத்தில் மனிதன் என்னவெல்லாம் செய்வான் பாருங்கள்.

பின் கண்ணாடியை உதைத்து உடைக்கலாம்தான். ஆனால் அந்த மாடலுக்குக் கண்ணாடி கிடைக்காது. முன்பு ஒரு தடவை உடைந்தபோது எட்டு மாதம் பழைய இரும்புக் கடைகளாக அலைந்து கண்டுபிடித்து மாட்டியது இது. உயிரா கண்ணாடியா என்ற கேள்விக்கு நான் முழுசாகப் பத்து நிமிடம் யோசித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது ஒரு மொபெட் சத்தம். கடைசித் தோட்டத்து அம்மா. என் வயதுதான் இருக்கும். அவர் கணவர் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை. போர்வெல் போடுவதற்காக வடக்கே போனால் திரும்பி வர மாதக் கணக்காகும். மாடு, தோட்டம் எல்லாம் அந்த அம்மா ஒருவர்தான். ரேஷன் கடைக்குப் போகிற பையை முன்னால் மாட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார்.

"ஏனுங்ணா, உள்ளார உக்காந்துட்டு என்ன பண்றீங்க?"

வாயைத் திறந்து 'கதவைத் திறங்க' என்று சொன்னால் முடிந்தது. இரண்டே வார்த்தை. ஆனால் நான் பனியன் நனைந்து, நெற்றியில் பூசைக் குங்குமம் வழிய, கூண்டுக்குள் கோழி மாதிரி குந்திக்கொண்டிருந்தேன். ஊரில் எல்லோரையும் கிண்டல் பண்ணிப் பேர் வாங்கியவன். சாயங்காலத்துக்குள் கதை எருமப்பட்டி டீக்கடை வரைக்கும் போய்விடும்.

"சும்மாதானுங்க்கா. தொடச்சிட்டு இருக்கறனுங்க."

"கதவச் சாத்திக்கிட்டா தொடப்பாங்க?"

"தொறந்து வெச்சாத் தூசி வருதுங்க்கா."

"என்னமோ போங்க. உங்க வண்டி, உங்க தூசி."

மொபெட் போய்விட்டது. சத்தம் தேய்ந்து தேய்ந்து மறைகிற வரைக்கும் நான் சிரித்த முகத்தோடு கையாட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் வெயில் ஏறியது. தகரக் கூரையின் சூடு தலைக்கு ஒரு சாண் மேலே. மூச்சு விட்டால் அதுவே சுடுகாற்றாக முகத்தில் திரும்பி அடித்தது. இப்போது கண்ணாடி மேல் எந்தப் பாசமும் இல்லை. உதைத்தேன். வெறுங்கால். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குக் கட்டைவிரல் போனது. கத்தினேன். பக்கத்துத் தென்னந்தோப்பில் ஒரு மயில் பதிலுக்குக் கத்தியது. போன் ஒரு தடவை அடித்தது. உயிரே வந்தது. பார்த்தால் தனிநபர் கடன் வேண்டுமா என்று கேட்கிற நம்பர். நான் எடுக்காததால் அவர்களும் விட்டுவிட்டார்கள்.

செத்துப்போனால் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு எந்தப் போட்டோவைக் கொடுப்பார்கள் என்று யோசனை வந்தது. தனியாக எடுத்த நல்ல போட்டோ ஒன்றுகூட இல்லை. லைசென்ஸில் இருப்பதைத்தான் பெரிதாக்குவார்கள். அதில் நான் திருட்டு முட்டை தின்றவன் மாதிரி இருப்பேன். இப்படிச் சிரிப்பு யோசனையாக யோசித்துக்கொண்டே வந்தவன், ஒரு கணக்கில் போய்த் தடுக்கி விழுந்தேன். என்னை யார் எப்போது தேடுவார்கள்?

மனைவி தினமும் இரவு எட்டு மணிக்குப் பேசுவாள். நான் எடுக்கவில்லை என்றால், தூங்கிவிட்டார் என்று நினைப்பாள். மறுநாள் காலையில் பேரனைக் குளிப்பாட்டிச் சாப்பிட வைக்கிற அவசரம். ஆக, மறுநாள் மதியம் வரைக்கும் இந்த உலகத்தில் யாருக்கும் என் ஞாபகம் வர வேண்டிய அவசியம் இல்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. நாலு வருடமாகப் போனில் "நான் நல்லா இருக்கறன், ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்று ஒரே பாட்டைப் பாடியவன் நான்தான். அந்தத் தகரத்துக்கு அடியில், என் சிரிப்பு முதல் தடவையாக என்னைக் கைவிட்டது. பனியனைக் கழற்றி முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மறுபடி அதே மொபெட் சத்தம். எழுந்து கையாட்டத் தெம்பில்லை. சத்தம் வாசலைத் தாண்டிப் போனது. போச்சு என்று நினைத்தேன். ஆனால் நின்றது. செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. கண்ணாடியில் படபடவென்று தட்டினார்.

"ஏனுங்ணா! ஏனுங்! கேக்குதா?"

இந்தத் தடவை நான் சொன்னேன். "தொறங்க்கா. மாட்டிக்கிட்டன். என்னால வெளிய வர முடியல."

அந்தக் கதவுக்கு ஒரு வித்தை உண்டு. பொத்தானை அமுக்கிக்கொண்டே இடுப்பால் ஒரு இடி இடித்து, உடனே தூக்க வேண்டும். எனக்கு மட்டுமே தெரிந்த வித்தை. படுத்துக்கொண்டே பாடம் எடுத்தேன். இரண்டு தடவை வரவில்லை. "இது கதவுங்களா, மொரட்டு மாடுங்களா?" என்று திட்டிக்கொண்டே மூன்றாவது தடவை அவர் இடித்த இடியில் வண்டியே குலுங்கித் திறந்துகொண்டது. என்னைப் பிடித்து இழுத்து வேப்ப மரத்து நிழலில் உட்கார வைத்து, தொட்டித் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். குடிக்கக் கொடுக்கும்போது, "மெதுவா, மெதுவா" என்று சொம்பைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

"எப்படிங்க்கா தெரிஞ்சுது?"

"பழத்தப் பாத்தனுங்ணா. போறப்பவும் நாலும் முழுசாக் கெடந்துது. வர்றப்பவும் அப்படியே கெடக்குது. பூசை போட்டுப் பழம் வெச்ச வண்டிய எவனாச்சும் ரெண்டு மணி நேரம் நிறுத்தி வெப்பானா? அதுவும் வண்டியவே சாமியாக் கும்புடற நீங்க?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அப்பவே கேட்டனில்லீங்க? வாயத் தொறந்து சொல்லிருந்தா என்னங்?"

"வெக்கமா இருந்துச்சுங்க்கா."

"வெக்கத்துக்குச் செத்துப் போவீங்களா?" அவருக்கு நிஜமாகவே கோபம். "எங்க ஊட்டுக்காரரு போயி எட்டு மாசமாச்சு. கன்னுக்குட்டி கெணத்துல உழுந்தப்ப நடுச் சாமத்துல உங்க ஊட்டுக் கதவத்தான தட்டுனன்? நீங்க லுங்கியக் கட்டிக்கிட்டுத் தூக்கக் கலக்கத்துல ஓடியாரலையா? நான் மட்டும் தட்டலாம், நீங்க தட்டக் கூடாதுங்களா?"

அரிசிப் பையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் ஒரு சொம்பு மோர் கொண்டு வந்து, நான் குடித்து முடிக்கும் வரைக்கும் எதிரே நின்றார். அப்புறம் வண்டியை ஒரு பார்வை பார்த்து, "பழம் காஞ்சு போச்சு. வேற வெச்சுட்டு இன்னொரு நாளைக்குப் போங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இன்றைக்கு வரைக்கும் அவர் அந்தக் கதையை ஒருவரிடமும் சொல்லவில்லை. டீக்கடையில் சொன்னது நான்தான்.

அன்று இரவு எட்டு மணிக்கு மனைவி பேசினாள். "ஏனுங்க, சாப்பிட்டீங்களா? நல்லா இருக்கறீங்களா?" என்று வழக்கம்போலக் கேட்டாள். என் வாய் வழக்கமான பாட்டுக்குத் தயாராகிவிட்டது. அதை அடக்கி, நடந்ததைச் சொன்னேன். ஒரு நகைச்சுவைகூடச் சேர்க்கவில்லை. கடைசியில், "இங்க தனியா இருக்க முடியல புள்ள. நீ வந்துரு" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"இங்க பாப்பாவும் மாப்பிள்ளையும் எத்தன வாட்டி என்னப் போகச் சொல்லிட்டாங்க தெரியுங்களா? பையனப் பாத்துக்க ஆளு கூட வெச்சாச்சு. நாலு வருசத்துல நீங்க ஒரு வாட்டி வான்னு கூப்பிட்டிருக்கீங்களா? வண்டி இருக்குது, நல்லா இருக்கறன், நல்லா இருக்கறன்னு. நான் வந்து உங்களுக்கு என்ன ஆகப் போவுதுன்னுதான் இங்கயே கெடந்தன்." மூக்கைத் துடைக்கிற சத்தம். "நாயித்துக்கெழம வாரேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேலம் ஸ்டேஷனுக்கு எந்த வண்டியை எடுத்துப் போவது என்று அரை நாள் குழம்பினேன் என்பது தனிக் கதை. அவள் வந்துவிட்டாள். இப்போது பேரன்தான் லீவுக்கு எங்களைப் பார்க்க வருகிறான். கதவைத் தாங்கும் கம்பிகளைப் புதிதாக மாற்றிவிட்டேன்.

அந்தத் தகரத்துக்கு அடியில் நான் கிடந்தது இரண்டு மணி நேரம், ஒரு வார்த்தை கூப்பிடாமல் இருந்தது நான்கு வருடம். இதில் எதிலிருந்து நான் உயிர் தப்பினேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளும்போது மட்டும், இன்றும் எனக்கு ஒரு ஜோக்கும் வருவதில்லை.