வண்டி ஊட்டுக்கு அடியில்

அம்சவேணிக்கு வாய் கொஞ்சம் நீளம். வாசலூர்பட்டி ஏரிக்கு வருகிறவர்களை மடக்கி, "ஏசியெல்லாம் எதுக்குங்க? என்ற வண்டி ஊட்டுல ஒரு நாள் படுத்துப் பாருங்க, போர்வை கேப்பீங்க" என்பாள். வண்டி ஊடு என்பது கேரவன். சேலத்துக்காரர் ஒருவர் அதை மலைக்கு இழுத்து வந்து, அவளுடைய மரவள்ளிக் காட்டோரம் நிறுத்தி, பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அவளிடமே விட்டிருந்தார். கணவன் அர்த்தனாரி கேரளாவுக்குக் கூலி வேலைக்குப் போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். பிள்ளையில்லாத அவள், வளர்க்கிற ஆசையையெல்லாம் அந்தத் தகரப் பெட்டியின்மேல் கொட்டினாள்.

வெயில் ஏறினால் தகரம் தோசைக்கல்தான். கூரைமேல் சாக்கு விரித்து நனைத்தாள். வண்டியைச் சுற்றிப் புல் தட்டி கட்டி, அடியிலும் ஈரச் சாக்குகளைப் பரப்பினாள். குரங்குத் தொல்லைக்கு ஜன்னல்களில் கம்பி வெல்டிங் வைத்தாள். எல்லாவற்றையும் யோசித்தவள், அந்தக் குளிர்ச்சியைத் தேடி வேறொன்றும் வரும் என்பதை யோசிக்கவில்லை.

அந்த மே மாதம் பிரிசில்லா கைக்குழந்தையோடு அதில் குடியிருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். கணவன் இமானுவேலுக்குச் செம்மேட்டில் அரசாங்க வேலை. வீடு அமைகிறவரை இங்கே. அன்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை. பிற்பகலில் கூரைக்குத் தண்ணீர் ஊற்றக் குடத்தோடு வந்த அம்சவேணி, படிக்கட்டுக்கு அடியில் ஈரச் சாக்கின்மேல் சுருண்டு கிடந்த கண்ணாடி விரியனைப் பார்த்துவிட்டாள்.

"கண்ணு, கதவத் தொறக்காத. படிக்குக் கீழ பாம்பு கெடக்குது."

"அக்கா, தரையில குழாய் போற ஓட்டை இருக்கே" என்றாள் பிரிசில்லா.

"துணியச் சுருட்டி இறுக்கி அடைச்சிரு."

பக்கத்துக் காட்டுச் செங்கோடன் தடியோடு ஓடிவந்தான். அம்சவேணி தடியைப் பிடித்துக்கொண்டாள். "அடி தப்புச்சுன்னா அது எங்க போவும்? அந்த ஓட்டை வழியா உள்ள ஏறுனா என்ன பண்றது? துணியெல்லாம் ஒரு அடைப்பா?" பாம்பு பிடிக்கிறவர் அடிவாரத்தில் இருந்தார். கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் ஏறி அவர் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

கூரைச் சாக்குகள் காய்ந்துவிட்டன. குழந்தை வீறிட்டது. அம்சவேணி பழக்கதோஷத்தில் குடத்தைத் தூக்கினாள்; தூக்கிய கை நின்றுவிட்டது. மேலே ஊற்றினால் தண்ணீர் வழிந்து அடிச் சாக்கில்தான் இறங்கும். பாம்புக்கு அதைவிட என்ன வேண்டும், நகரவே நகராது. ஊற்றாமல் விட்டால் உள்ளே பிள்ளை வெந்துபோகும்.

பின்பக்க ஜன்னல் கம்பி வழியாக ஈரத் துண்டை நீட்டினாள்.

"அக்கா, பிள்ள அழுறத நிறுத்திட்டான். கண்ண மூடி மூடித் தொறக்கான்."

நான் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை ஒரு பிள்ளையைத் தின்னப் போகிறதே என்று அம்சவேணிக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"நா கூரைக்குத் தண்ணி ஊத்த மாட்டேன், கண்ணு. உள்ள இன்னும் சூடாகும். பொறுத்துக்குவியா?"

"ஏங்க்கா?"

"கீழ சூடானாத்தான் அது போவும்."

பிரிசில்லா துண்டை இன்னும் வேகமாக விசிறும் சத்தம் கேட்டது.

அம்சவேணி பலா மரத்து நிழலில் வேறு சாக்குகளைப் போட்டு, குடத்துத் தண்ணீரை முழுக்க அதில் ஊற்றினாள். பிறகு கொக்கி வைத்த நீளத் துரட்டியை எடுத்து, எட்ட நின்றபடி மேற்குப் பக்கத்துத் தட்டியை மெல்ல இழுத்து விழவைத்தாள். சாய்ந்த வெயில் நேராகப் படிக்கடியில் பாய்ந்தது. விரியன் சீறியது. செங்கோடன் ஓரடி பின்வாங்கினான். அவள் அசையவில்லை, தகரத்துக்குள் விசிறும் சத்தம் நின்றுவிடக் கூடாதே என்று காதை அங்கேயே வைத்திருந்தாள்.

பாம்புக்கு அவசரமே இல்லை. தலையைத் தூக்கியது, தாழ்த்தியது, பாதி நகர்ந்து மறுபடி கிடந்தது. ஒருவழியாக வெயில் பொறுக்காமல் இறங்கி, மண்ணில் ஊர்ந்து, பலா மரத்தடி ஈரச் சாக்குக்குள் புகுந்தது.

அம்சவேணி படியை ஒரே தாவாகத் தாவிக் கதவைத் திறந்தாள். உள்ளிருந்து அடித்த அனல் முகத்தைச் சுட்டது. குழந்தையை வாங்கிக்கொண்டு ஓடி, கிணற்றுத் தண்ணீரால் தலையையும் உடம்பையும் நனைத்தாள். சிவந்து துவண்டு கிடந்த பிள்ளை உதட்டைக் கோணி, பிறகு ஊரே கேட்கிற மாதிரி கத்தினான். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

செங்கோடன் தடியால் பலா மரத்தைக் காட்டினான். "இப்பத் தோதா கெடக்குது. அடிச்சரலாமா?"

அம்சவேணி முந்தானையால் குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் உடு. எடம் போட்டுக் கூப்புட்டதே நாந்தான."