அவகாசம் கேட்ட மனுவும் அதன் பின்னால் குத்திய துண்டும்

2019 மார்ச் மாதத்தில் ஒரு பெண்ணுக்காக அவகாசம் கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். அவர் அலுவலகப் படி இறங்கிப் போனதும், அந்த அவகாசத்தைக் கொடுக்க வேண்டாம் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, மனுவின் பின்னால் குண்டூசியால் குத்தி, தோட்ட மேலாளரான துரையின் மேசைக்கு அனுப்பினேன். இரண்டும் என் எழுத்துத்தான். மனு கொஞ்சம் நீளம், துண்டு மூன்றே வரி. துண்டுதான் வென்றது.

அப்போது நான் தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். இரத்தினபுரியில் ஆங்கில மொழியில் படித்தவன். அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டவன். எனக்கு வயது அறுபத்தாறு. அறுபதிலேயே ஓய்வு பெற்றிருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு மார்ச்சிலும் இன்னும் ஒரு வருடம் நீடிக்கும்படி ஒரு கடிதம் எழுதுவேன், ஏப்ரல் முதலாம் திகதிக்குள் சம்மதம் வரும். மனைவி இறந்த பிறகு அந்த வேலையும் அதோடு வந்த குவார்ட்டர்ஸும்தான் எனக்கு மிஞ்சியிருந்தன. ஆறு தடவை அவகாசம் வாங்கிய மனிதன் நான் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த மாதங்களில் என் பெரிய பொழுதுபோக்கு பிரித்தானியப் பாராளுமன்றம். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதென்று அந்நாட்டு மக்கள் வாக்களித்து மூன்று வருடம் ஆகப்போகிறது. மார்ச் 29 என்று நாளும் குறித்தாகிவிட்டது. ஆனால் எப்படி விலகுவது என்று பாராளுமன்றத்துக்குத் தெரியவில்லை. பிரதமர் ஓர் ஒப்பந்தத்தைக் கொண்டுவருவார், சபை தோற்கடிக்கும். அதையே திரும்பக் கொண்டுவருவார், திரும்பத் தோற்கடிக்கும். சபாநாயகர் தொண்டை கிழியக் கத்துவார். நான் இதையெல்லாம் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு, பத்து மணித் தேநீர் வேளையில் அலுவலகத்தில் விளக்கம் சொல்வேன். கேட்பவர் ஒருவர்தான்: கணினியில் பதிவு போடும் சிங்களப் பெண். என்னைவிட நல்ல தோட்டத் தமிழ் பேசுவார்.

"நம்ம பார்லிமெண்ட் ஆளுங்க பரவாயில்ல சேர்," என்பார் அவர். "போன நவம்பர்ல சபைக்குள்ளயே மொளகாத்தூள வீசிட்டு ஒரு நாள்ல முடிச்சுட்டாங்க. இவங்க வருஷக் கணக்கா இழுக்கிறாங்களே!"

"அது அவசரப்படுற காரியம் இல்ல," என்பேன் நான். "நாப்பது வருஷத்துக்கு மேல சேர்ந்து இருந்த வீடு. ஒரு திகதியக் குறிச்சு இன்னைக்கே வெளியே போன்னா எப்படிப் போறது? அவகாசம் கேக்கிறாங்க. கேட்டா மத்தவங்க குடுக்கத்தான் வேணும். அதுதான் நாகரிகம்."

இப்படிச் சொன்ன அதே வாரம் அந்தப் பெண் வந்தார்.

அவருடைய கணவர் எங்கள் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவர். ஜனவரியில் இறந்துபோனார். அந்தப் பெண்ணோ முன்பே தோள்பட்டை வலியால் தோட்ட வேலையை விட்டு, அவிசாவளைப் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தோட்டத்தில் வேலை செய்பவர் ஒருவராவது இருந்தால்தான் லய வரிசையில் குடியிருக்க ஒரு காம்பரா. கணவர் போனதும் அந்த வீட்டில் யாருடைய பெயரும் பதிவில் இல்லை. மார்ச் 31க்குள் காலி செய்யும்படி துரை கடிதம் அனுப்பியிருந்தார். அதைத் தட்டச்சு செய்தவனும் நான்தான்.

"இருக்க முடியாதுன்னு தெரியும்ங்க ஐயா," என்றார் அவர். "சட்டம் பேச வரல. புள்ளைக்கு டிசம்பர்ல ஓ.எல். பரீட்சை. அது முடியிற வரைக்கும் இருக்க விட்டாப் போதும். இப்ப ஓப்பநாயக்கவுக்கு அண்ணன் வீட்டுக்குப் போனா, நடு வருஷத்துல எந்த ஸ்கூல்ல சேர்ப்பாங்க? முடிஞ்ச மறுநாளே சாவியக் கொண்டாந்து தாறேன்."

"எழுதித் தாறேன். ஒக்காருங்க."

"நிக்கிறேன் ஐயா, பரவால்ல."

நான் எழுதிய மனுவில் குறை சொல்ல எதுவும் இல்லை. இறந்தவரின் பத்தொன்பது வருட உழைப்பு, மகளின் படிப்பு, ஒன்பது மாதம் என்ற வரையறை எல்லாம் இருந்தன. அவர் கையொப்பமிட்டார். போகும்போது கை கூப்பினார்.

பிறகு ஏன் அந்தத் துண்டு? துரை ஜனவரியில் வந்த புதியவர், கறாரானவர் என்று பெயர். என் சொந்த நீடிப்புக் கடிதம் அவர் மேசையில் கிடந்தது. அறுபத்தாறு வயதுக் கிழவன் இளகிய மனதோடு மனுக்களை எழுதிக் குவிக்கிறான் என்று அவர் நினைத்துவிடக் கூடாது. "ஒருவருக்குக் கொடுத்தால் ஒன்பது பேர் கேட்பார்கள். காம்பரா புதிய பால்வெட்டுக்காரர்களுக்குத் தேவை. சிபாரிசு செய்ய இயலாது." இதைத்தான் எழுதினேன். இதற்கு மேல் எந்தக் காரணமும் கிடையாது. ஒரு பயமும், துரையிடம் நல்ல பெயர் வாங்கும் ஆசையும்.

இரண்டு பதிலும் ஒரே நாளில், ஒரே பச்சை மையில் வந்தன. அந்தப் பெண்ணுக்கு இல்லை. எனக்கு ஆம்.

பிரித்தானியா 29ஆம் திகதி வெள்ளிக்கிழமை விலகவில்லை. அன்றும் ஒப்பந்தத்தைத் தோற்கடித்துவிட்டு உள்ளேயே இருந்தது. அந்தப் பெண் 31ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, சொன்ன நாள் தவறாமல் விலகினார். ஒரு சின்ன லொறியில் அலுமாரி, கட்டில், மகளின் புத்தகப் பெட்டி. சாவியைக் கொடுக்க என் குவார்ட்டர்ஸுக்கே வந்தார். கையில் ஒரு பலாக்காய்.

"லயத்துக்குப் பின்னால உள்ள மரத்துக் காய்ங்க. ஐயா எங்களுக்காக எழுதிக் குடுத்தீங்களே, அதுவே பெரிய ஒதவி. தொரை மனசு எறங்கல, அதுக்கு நீங்க என்ன செய்வீங்க?"

வாங்கிக்கொண்டேன். அன்று மத்தியானம் சமைத்துச் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

அவகாசம் கேட்ட நாட்டுக்கு முதலில் ஏப்ரல் வரை கிடைத்தது, பிறகு ஒக்டோபர் முடிவு வரை. காம்பராவுக்குப் புதிய பால்வெட்டுக்காரர் யாரும் வரவில்லை. பூட்டியே கிடந்தது. ஓகஸ்டில் அதில் உர மூட்டைகளை அடுக்கினார்கள். அதற்கான பதிவையும் நான்தான் போட்டேன். எதுவும் உறைக்கவில்லை. லண்டனில் புதிய பிரதமர் வந்துவிட்டார், பாராளுமன்றத்தைக் கொஞ்ச நாள் மூடிவைத்தார், நீதிமன்றம் திறக்கச் சொன்னது. எனக்கு அங்கேதான் வேலை.

ஒக்டோபரில் ஒரு திங்கட்கிழமை. பதிவு போடும் பெண் தேநீரோடு வந்து, "சேர், ஒங்க ஆளு என்னமோ ரெண்டு லெட்டர் அனுப்பியிருக்காராமே?" என்றார்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. புதிய பிரதமருக்கு அவகாசம் கேட்க விருப்பமில்லை, ஆனால் பாராளுமன்றம் கேட்டே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டது, அதனால் அவகாசம் கேட்கும் கடிதத்தைக் கையொப்பமில்லாமல் அனுப்பினார், கூடவே அவகாசம் கொடுப்பது தவறு என்று இன்னொரு கடிதம் எழுதி அதில் கையொப்பமிட்டு அனுப்பினார் என்று நடித்தே காட்டினேன்.

"அபோ! அப்ப அவரு கேட்டாரா, கேக்கலையா?"

"ஒரு கையால கேட்டாரு, மத்தக் கையால தடுத்தாரு. ஒரு நாட்டோட பிரதமர் செய்யிற வேலையா இது? வெக்கம் கெட்ட வேலை!" சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அவரும் சிரித்தார். பிறகு தேநீரை ஊதிக்கொண்டே, வேறொன்றும் நினைக்காதவர் போல, "நம்ம ஃபைல்லயும் அப்படி ஒண்ணு இருக்குதானே சேர்," என்றார். "அந்தப் பால்வெட்டுக்காரரோட சம்சாரத்துக்கு எழுதினது. மனுவும் துண்டும். நான்தானே ஃபைல் பண்ணேன்."

ஏழு மாதமாக அது அவருக்குத் தெரியும். நாகரிகம் பற்றிய என் பத்து மணிப் பிரசங்கங்களை எல்லாம் அதைத் தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார். அந்தப் பிரதமராவது தன் இரண்டு கடிதங்களையும் ஊரறிய அனுப்பினார்.

மறுநாள் துரைக்கு ஒரு கடிதம் எழுதினேன், கையொப்பத்தோடு. காம்பராவிலிருந்து உரத்தை எடுத்துவிட்டு, பரீட்சை முடியும் வரை அந்தக் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுக்கக் கேட்டிருந்தேன். துரை என்னைக் கூப்பிட்டார். மேசையில் பழைய கோப்பு. துண்டின் மேல் விரலை வைத்து, மரியாதையான ஆங்கிலத்தில், ஒருவருக்குக் கொடுத்தால் ஒன்பது பேர் கேட்பார்கள் என்று ஓர் அனுபவசாலி எழுதியிருக்கிறாரே, அவரைத் தான் மீறலாமா என்று கேட்டார். மார்ச்சில் அந்த மனுவைப் படித்தபோது கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாராம். பின்பக்கத்தைத் திருப்பிய பிறகுதான் மனம் மாறினாராம்.

அவர் மனம் இறங்காதவர் என்று அந்தப் பெண் நம்பிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு அவிசாவளைக்குப் போய், இரத்தினபுரி பஸ் பிடித்து, பெல்மதுளையில் மாறி ஓப்பநாயக்கவில் இறங்கினேன். அண்ணன் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை இறக்கிய ஒரு பத்தியில் இருந்தார்கள். அவர் பக்கத்துச் சிறு தோட்டங்களில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறார். தோள் வலியோடுதான். பதினோராம் வகுப்பில் இடையில் சேர்க்க முடியாது என்று பாடசாலையில் சொல்லிவிட்டார்கள். மகள் பலாங்கொடையில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறாள். அன்று அவளுக்கு அரை நாள்தான் வேலை.

"ஐயா இவ்வளவு தூரமா? டீ போடவா?"

டீ போடுமுன் சொல்லிவிட்டேன். துண்டில் எழுதிய மூன்று வரியையும் தமிழில் சொன்னேன். அவர் அடுப்பருகே நின்றபடியே கேட்டார். "எழுதலன்னாலும் தொரை குடுத்திருக்க மாட்டாரு ஐயா," என்றார். அந்த ஆறுதலையும் நான் பிடுங்க வேண்டியிருந்தது.

"குடுத்திருப்பாராம். அவரே சொன்னாரு."

அவர் அடுப்பை அணைத்துவிட்டார். டீ வரவில்லை.

மகள் எப்போது வந்தாள் என்று தெரியாது. வாசலில் நின்றிருந்தாள்.

"ஏன் எழுதினீங்க?"

"என் வேலை போயிருமோன்னு பயம்."

"போச்சா?"

"இல்ல."

"அப்பச் சரி," என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

பரீட்சை விண்ணப்பம் பழைய பாடசாலையிலிருந்து ஏற்கெனவே போயிருந்தது. தாயும் மகளும் டிசம்பர் வரை என் குவார்ட்டர்ஸில் தங்கலாம், நான் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். தாய் யோசித்தார். தடுப்புக்கு அப்பாலிருந்து குரல் வந்தது: "அவரு வீட்லயா? வேணாம்மா. ஏப்ரல்ல இருந்து புத்தகத்தத் தொடல, போய் என்னத்த எழுதுறது?"

அவள் எழுதவில்லை. பிரித்தானியா மூன்றாவது அவகாசமும் பெற்று, ஜனவரி கடைசியில் ஒருவழியாக விலகியது. நான் அதைப் பார்க்கவில்லை.

2020 மார்ச்சில் நான் நீடிப்புக் கடிதம் எழுதவில்லை. 31ஆம் திகதி குவார்ட்டர்ஸைக் காலி செய்வதாகச் சொன்னேன். ஆனால் கொரோனா வந்து ஊரடங்கு போட்டார்கள். லொறி ஓடவில்லை. "அவசரமில்லை, இருங்கள்," என்று துரை தொலைபேசியில் சொன்னார். மனு இல்லை, துண்டு இல்லை. ஜூன் வரை இருந்தேன். கேட்காமலே கிடைத்த அவகாசம் அது.

பிறகு தெஹியோவிட்டவில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக அவள் எழுதுவதற்குப் படிவம் வாங்கி நிரப்பித் தபாலில் அனுப்பினேன், பழைய வினாத்தாள்களும் சேர்த்து. பதில் இல்லை. படிவம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று மட்டும் தாய் ஒரு நாள் தொலைபேசியில் சொன்னார். கையொப்பமிட வைக்க இரண்டு வாரம் சண்டை போட்டாராம். பரீட்சையும் கொரோனாவால் தள்ளிப்போனது. அவளுக்குப் படிக்கக் கூடுதலாகச் சில மாதம் கிடைத்தது. அதைக் கொடுத்தது நான் இல்லை.

பெறுபேறு வந்த அன்று நானே அழைத்தேன்.

"பாஸ்ங்க ஐயா! கணக்கும் பாஸ். தமிழ்ல ஏ."

"மேல ஏ.எல். படிப்பாளா?"

"மாட்டாளாம். வயசுல சின்னப் புள்ளைங்களோட போய் ஒக்கார மாட்டேன்னுட்டா. இப்பக் கடையிலயே பில் போடுற மேசைக்கு மாத்தியிருக்காங்க. போதும்ங்கிறா."

"அவகிட்டக் குடுங்க, ஒரு வார்த்த சொல்லிடுறேன்."

அவர் தொலைபேசியைக் கையால் மூடினார். சரியாக மூடவில்லை.

"யாரும்மா?"

"நம்ம பழைய தோட்டத்து ஐயாடி. ஒன்னோட பேசணுமாம்."

"வேலையா இருக்கேன்னு சொல்லு."

"டீவிதானேடி பாக்குற!"

"சொல்லும்மா."

தாய் திரும்பவும் என்னிடம் வந்தார். "குளிக்கப் போயிருக்கா ஐயா," என்றார். "வந்ததும் பேசச் சொல்றேன்."

சரி என்றேன். இது நடந்து இப்போது சில வருடங்கள் ஆகின்றன.