திருக்கை வால்

இன்று பாம்பன் சந்தையில் திருக்கைக் கருவாட்டு வாடை அடித்ததும், தனுஷ்கோடிக் குடிசையின் அந்திநேரம் முதுகில் சுளீரென்றது. அய்யா ஒருநாளும் தவறாமல் வேதம் வாசிப்பார் என்று பங்குச்சாமியாரே மாதா கோயிலில் புகழ்வார். விட்ட இடம் தெரிய, எங்களை அடிக்கும் காய்ந்த திருக்கை வாலின் நுனியைத்தான் பக்கங்களுக்குள் செருகியிருப்பார்; அன்பைப் பற்றிய அதிகாரத்திலும் அந்த வாடைதான். குழம்பில் உப்புக் கூடியதற்கு அதை உருவி அம்மாவை விளாசிவிட்டு, அதே கையோடு வாசிக்க உட்காருவார். அம்மா தேம்பினால் பூரித்துப்போவார்: “ஏலே, பாருங்க, வசனம் எப்புடி உள்ள இறங்குதுன்னு!”

புயலில் ஊரே கடலுக்குள் போனபின், மண்டபத்தில் ஒதுங்கியிருந்தபோது, வேதபுத்தகம் போய்விட்டதே என்று அய்யா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அம்மா என் காதோரம் குனிந்து கேட்டாள்:

“அந்த வாலும் போயிருச்சுல்ல?”